நொய்யல் கரைக் கிணறுகள்: உப்பேறிய சப்பைத் தண்ணீரோடு வாழ்ந்தவர்களின் அனுபவங்கள்

சென்னிமலைப் பக்கத்து விவசாயி:

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டியது. மழைமறைவுப் பகுதியான இங்கே, பாறை வெடிப்புகளில் நிற்கும் நீரைத்தான் கிணறு தருகிறது. பாசனத்துக்காக 1992இல் நொய்யலின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கியது; தேங்கிய நீர் மெல்லக் கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. அணை நிறைந்தால் கிணறு ஊறும் என்று மகிழ்ந்த அதே ஊர்க்காரர்கள், பின்னர் அணையில் தண்ணீரே நிற்கக் கூடாது என்று போராட வேண்டியிருந்தது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை. அடுத்துப் பருப்பு வேக நேரமெடுத்தது, தென்னையில் குரும்பை உதிர்ந்தது, மஞ்சள் விளைந்த வயலில் மண் இறுகி நீரை உள்ளே விடாமல் நின்றது. தண்ணீர் கெட்டதை எங்களுக்கு முன்பே அறிந்தவை மாடுகள்தாம். தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

முன்பு சாயப்பட்டறையில் பணியாற்றியவர்:

ஆறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் பார்வையில் நிறம் சிறிய தொல்லை; உப்புதான் பெரியது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகச் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ மூட்டை மூட்டையாகக் கொட்டுவோம். துணி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்; உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். சுண்ணாம்பு முதலியவற்றைக் கலந்து நிறத்தைப் படியவைத்தால் நீர் தெளிவாகத் தோன்றுமே தவிர, கரைந்த உப்பு குறையாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரை அறவே வெளியேற்றாத முறைக்குத் தொழில் உண்மையாக மாறத் தொடங்கியது. அந்த முறையிலும் உப்பு மறைந்துவிடுவதில்லை. ஒரு பங்கை மீட்டுச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். மீட்க இயலாத கலப்பு உப்பு மூட்டைகளில் அடுக்கப்படுகிறது. அந்தக் கிடங்குகளின் கூரையும் தரையும் எப்படி இருக்கின்றன என்பதை யாரும் போய்ப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

காங்கேயம் வாசகர்:

சாயக்கழிவு வருவது நின்றுவிட்டால் கிணறு தானாகத் தேறிவிடும் என்று எங்கள் ஊரில் பலர் நம்பினார்கள். பாறை இடுக்கில் புகுந்த உப்பை வெளியேற்ற நல்ல மழை பல ஆண்டுகள் தொடர்ந்து பெய்ய வேண்டும். வறண்ட பூமியில் அதற்கு எங்கே போவது? குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகிறது. எங்கள் கிணற்று நீர் அந்த மேல் எல்லையையும் தாண்டியதால், குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். அதைச் சுத்திகரிக்கும் கூடமும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே நீரை எடுக்கிறது. நல்ல நீரைப் பிரித்துக்கொண்டு, முன்னிலும் உப்பேறிய மிச்சத்தைப் பின்புறச் சாக்கடையில் விடுகிறது. அந்தச் சாக்கடைக்குக் காரைத் தளம் கிடையாது, முழுவதும் வெறும் மண்தான்.