சரிவு கம்மியான ஸ்லேட் கூரையா? கையெழுத்துக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இங்கிலாந்து போய் வீடு வாங்குகிற நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பஸ் உண்டா, அடுப்படி எத்தனை அடி என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். கூரையை மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். வம்பு அங்கேதான், அதிலும் பின்பக்கம் அடுப்படியை நீட்டிக் கட்டிய வீடுகளில். மாடி ஜன்னலுக்குக் கீழேயே கூரையை முடித்தாக வேண்டும் என்பதால் சரிவைக் குறைத்துவிடுவார்கள், முன்பக்கத்தோடு பொருந்தணுமே என்று அதற்கும் ஸ்லேட் கல்லையே அடித்துவிடுவார்கள்.

நான் லங்காஷயர் பக்கம் கட்டட வேலையில் இருக்கிறேன். லீவுக்குக் கல்லிடைக்குறிச்சி வந்தால் இங்கேயும் இதே பேச்சு. "மகன் வீட்ல ஒழுகுதாம்பா, மேல தார் பூசச் சொல்லவா?" வேண்டாம் பெரியப்பா.

நம்ம மங்களூர் ஓட்டை எடுத்துப் பாருங்கள், ஓரத்தில் வரப்பும் பள்ளமுமாக ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். ஸ்லேட் வெறும் தட்டைக் கல், கோப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கல்லும் அடுத்த வரிசையை மட்டும் இல்லாமல், அதற்கும் கீழ் வரிசையின் தலையையும் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். அந்த மூடலை ஹெட்லேப் என்பார்கள், தண்ணீரைத் தடுப்பது அதுதான். சரிவு குறையக் குறைய தண்ணீர் மெதுவாக இறங்கும், இரண்டு கல்லுக்கு நடுவில் மேல்நோக்கியும் ஏறும், அதனால் ஹெட்லேப் கூடிக்கொண்டே போகணும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்படி மழை இங்கிலாந்தில் கிடையாது. குற்றாலச் சாரல் மாதிரி பொடி மழைதான், ஆனால் காற்று அதைப் படுக்கை வசத்தில் அடித்துக் கல்லுக்கு அடியில் ஏற்றிவிடும்.

அதனால் பில்டரிடம் முதலில் சரிவு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 22½க்குக் கீழே என்றால் உஷார், 20க்கும் கீழே என்றால் சாதாரண ஸ்லேட் பொதுவாகத் தாங்காது, தகடோ ரப்பர் ஷீட்டோ போட்டிருக்க வேண்டிய இடம் அது. அடுத்தது ஹெட்லேப், 100 மி.மீ.க்குக் குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். காற்று மழை அதிகம் அடிக்கிற மேற்குக் கரைப் பக்கம் என்றால் இன்னும் கூட வேண்டும். "எல்லாம் ஸ்டாண்டர்டுதான்" என்று மழுப்பினால் விடாதீர்கள், பிஎஸ் 5534 (ஸ்லேட், ஓட்டுக் கூரைக்கான பிரிட்டிஷ் தர விதி) படி இந்தச் சரிவுக்கு எவ்வளவு வரணும், ஸ்லேட் கம்பெனி அட்டவணையில் என்ன போட்டிருக்கிறது, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், ரீப்பர் அடித்து, ஸ்லேட் ஏற்றுவதற்கு முன்னாடி, கீழே விரித்த ஷீட் தெரிகிற மாதிரி போட்டோ வாங்கி வையுங்கள். ஸ்லேட் மூடிய பிறகு ஒருத்தரும் காட்டமாட்டார்கள்.

பாதி ஒழுகல் கல்லில் இருக்காது. கூரை சுவரோடு சேருகிற இடத்தில் ஈயத்தகடு போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒரே நீளமாக ஓட்டினால் வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கிக் கிழிந்துவிடும், ஒரு துண்டு 1.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. கூரை ஜன்னல் இருந்தால் அதைச் சுற்றியும் பாருங்கள். சீலிங்கில் கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலேயே ஓட்டை என்று நம்பாதீர்கள், தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு தூரம் ஓடிவந்து சொட்டும்.

மழையே இல்லாத குளிர்காலக் காலையில் சொட்டினால் அது பெரும்பாலும் ஒழுகலே இல்லை. நாம் சோறு வடிக்கிற ஆவி கூரைக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. ஆவியை வெளியேற்றுகிற ஃபேன் குழாய் வெளிச்சுவர் வரை போகிறதா, கூரைக்குள்ளேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

சிலிக்கானும் தாரும் வாங்கிக்கொண்டு ஏணி போடாதீர்கள். மிதித்தால் ஸ்லேட் விரிசல் விடும், இடுக்கை அடைத்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரம் உளுத்துப்போகும். அதைவிட, புது வீட்டுக்குப் பெரும்பாலும் 10 வருஷ வாரண்டி உண்டு, முதல் 2 வருஷத்துக்குள் தெரிகிற குறையைப் பில்டரே சரிசெய்ய வேண்டும், நீங்களே எதையாவது பூசி வைத்தால் பழியை உங்கள் மேலேயே திருப்புவார்கள். கறை தெரிந்த அன்றைக்கே போட்டோவோடு மெயில் போடுங்கள். போனில் பேசினாலும் அதையே மறுபடி மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.