வெண்ணெய் திரளவில்லை, ஏடு பசை மாதிரி நிற்கிறது. காப்பாற்ற முடியுமா?

அம்பத்தூர் குடித்தனம்:
வணக்கம். பத்து நாள் சேர்த்த பாலாடை இப்போது மிக்ஸி ஜாரில் கொழகொழவென்று நிற்கிறது. அவசரமாக உதவி வேண்டும்.

தினமும் 1 லிட்டர் எருமைப்பால் வாங்குகிறோம். காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை ஏட்டை எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் சேர்த்தேன். நேற்று இரவு வெளியே எடுத்து, இளகியதும் 2 ஸ்பூன் தயிர் விட்டுக் கலந்து மேடையிலேயே வைத்துவிட்டேன். காலையில் நன்றாகத் தோய்ந்திருந்தது. புளிப்பு வாசம்தான், கெட்ட நாற்றம் இல்லை. பதினோரு மணிக்கு மிக்ஸியில் போட்டு ஐந்து நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினேன். முதலில் பொங்கிப் பெரிதானது, அப்புறம் அப்படியே அமுங்கிவிட்டது. வெண்ணெயும் இல்லை, மோரும் இல்லை. விரலில் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. ஜார் வேறு சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு வீட்டு நெய் என்றால் உயிர். என் கையால் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்றுதான் இத்தனை நாள் சேர்த்தேன்.

ஊட்டிக்காரி:
எங்கள் வீட்டிலும் இப்படி ஆகும். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மறுபடி ஓட்டுங்கள், உடனே திரண்டு வரும்.

மத்துக் கயிறு, திருவையாறு:
அம்மா, வெந்நீர் மட்டும் விட்டுவிடாதே! ஊட்டிக் குளிரில் ஏடு கல் மாதிரி இருக்கும், அங்கே அது சரி. உன் ஏடு ஏற்கெனவே சூடு தாங்காமல்தான் இப்படி ஆகியிருக்கிறது. ஜார் சுடுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய் பார்.

எங்கள் மாமியார் விடியற்காலை நாலரைக்கே மத்தைப் பிடித்துவிடுவார். வெயில் ஏறினால் வெண்ணெய் கைக்கு வராது என்பார். இப்போது மே மாதம், பகல் பதினோரு மணி, அதிலும் ஐந்து நிமிட மிக்ஸி. முதலில் ஜாரோடு ஃபிரிட்ஜில் வை, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

பால்வளம் படித்தவன்:
திருவையாறு அம்மா சொல்வதுதான் காரணம். பாலில் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய தோல் உண்டு. கடையும்போது தோல் கிழிந்து ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டுவதற்குக் கொழுப்பில் ஒரு பகுதி கெட்டியாகவும் ஒரு பகுதி இளகியும் இருக்க வேண்டும். ஏறக்குறைய 12 முதல் 16 டிகிரி செல்சியஸில் அந்தப் பக்குவம் கிடைக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் உருகிவிடும், எவ்வளவு கடைந்தாலும் திரளாது. ரொம்பவும் குளிர்ந்திருந்தால் கொழுப்பு இறுகிப்போய், ஒட்டவே நேரம் எடுக்கும். அதனால்தான் ஊட்டியில் வெந்நீர்.

இன்னொன்று. பலர் இந்த நிலையில் ஐஸ் கட்டியைப் போட்டு உடனே ஓட்டுவார்கள். அது போதாது. உருகிய கொழுப்பு மறுபடி உள்ளுக்குள் இறுக நேரம் வேண்டும். குறைந்தது 3 மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

அம்பத்தூர் குடித்தனம்:
ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அப்புறம் எப்படிக் கடைவது? மொத்தத்தையும் ஒரே தடவையில் போடலாமா?

மத்துக் கயிறு, திருவையாறு:
வேண்டாம். அரை ஜாருக்கு மேல் போடாதே. எடுத்ததும் பதினைந்து நிமிடம் வெளியே இருக்கட்டும். கால் டம்ளர் ஃபிரிட்ஜ் தண்ணீர் சேர். குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி, விட்டு விட்டு ஓட்டு. ஐந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, மூடியைத் திற. கண்ணை விட காதை நம்பு. கெட்டியாக அரைபடும்போது கனத்த சத்தம் வரும். திரண்டதும் சட்டென்று சத்தம் மாறி, தண்ணீர் சளசளக்கும். ஜாரின் பக்கம் தெளிந்துவிடும், உள்ளே ரவைக் குருணை மாதிரி மணி மணியாகத் தெரியும். அங்கேயே நிறுத்திவிடு. அதற்கு மேல் ஓட்டினால் மோர் வெண்ணெய்க்குள் மாட்டிக்கொள்ளும்.

குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு உருட்டி எடு. அலசுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை அலசு. அலசாத வெண்ணெயை உருக்கினால் கசண்டு நிறைய அடியில் பிடித்துக்கொண்டு, நெய்யில் தீய்ந்த வாசம் ஏறும்.

தயிர்ப்பானை, மதுரை:
குறுக்கே ஒரு சந்தேகம். பாக்கெட் பாலில் எனக்கு ஏடே படிவதில்லை. பால் தண்ணீரா?

பால்வளம் படித்தவன்:
தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. உறையில் ஹோமோஜெனைஸ்டு என்று இருக்கிறதா பாருங்கள். அதில் கொழுப்பு உருண்டைகளை உடைத்துப் பொடியாக்கிவிடுவார்கள், அதனால் மேலே ஏறி வராது. தயிருக்கு அது நல்ல பால், வெண்ணெய்க்கு ஆகாது. கொழுப்பு அளவும் முக்கியம்: டோன்டு பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6.

அம்பத்தூர் குடித்தனம்:
வந்துவிட்டது!! மூன்றாகப் பிரித்துப் போட்டேன். முதல் ஜாரில் எட்டாவது சுற்றிலேயே அந்தச் சளசளப்பு கேட்டது. கை நடுங்கிவிட்டது. 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வெள்ளை வெளேரென்று வெண்ணெய். உருக்கியதில் 310 மில்லி நெய். இறக்குவதற்கு முன் முருங்கைக்கீரை ஒரு கொத்து போட்டேன், படபடவென்று பொரிந்து அடங்கியது.

அடுத்த முறைக்கு ஒரு கேள்வி. முன்பு ஒரு தடவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு வாரம் சேர்த்து, நெய் கசந்துவிட்டது. அது ஏன்?

பால்வளம் படித்தவன்:
குளிரிலும் வளரும் சில பாக்டீரியாக்கள் உண்டு. அவை கொழுப்பையும் புரதத்தையும் அறுத்துக் கசப்பைக் கொண்டுவரும். ஃப்ரீஸரில் அவை வளராது, நீங்கள் இந்த முறை செய்ததுதான் சரி. கீழ்த்தட்டில்தான் வைக்க முடியும் என்றால் முதல் நாளே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து, ஒரு வாரத்துக்குள் கடைந்துவிடுங்கள். பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் புள்ளி தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும், உருக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

மத்துக் கயிறு, திருவையாறு:
கசண்டைக் கொட்டிவிடாதே அம்மா. வாணலி சூட்டிலேயே கொஞ்சம் கோதுமை மாவும் சர்க்கரையும் போட்டுப் பிரட்டி, அப்பாவுக்கு ஒரு உருண்டை கொடு.