புளி தட்டும் கல்லும் என் கேமராவும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் படம் எடுப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தர்மபுரி (தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் தர்மபுரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிறும் பண்டிகை விடுமுறையும்தான் கேமராவுக்கு. ஆறு வருடத்துக்கு முன் பழையதாக வாங்கிய கேனான் ஒன்று, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, அவ்வளவுதான்.

போன வருடம் முழுக்க மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு படம்கூட அமையவில்லை. ஒகேனக்கல்லுக்கு மட்டும் இதுவரை பதினோரு தடவை போயிருக்கிறேன். அருவி, பரிசல், மீன் வறுக்கும் கடை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள். எல்லாப் படத்தையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். எது எந்த வருடம் எடுத்தது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வத்தல்மலை வளைவுகளும் கிருஷ்ணகிரி அணையும் அப்படித்தான். விடிவதற்கு முன் எழுந்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு போய், மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தையே நானும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் கேமராவை விற்றுவிடலாம் என்று விலைகூட விசாரித்தேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு. பாலக்கோடு போகிற வழியில் வண்டி பஞ்சர். கடைக்காரப் பையன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ட்யூப் வாங்கிவர வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றான். பக்கத்தில் பெரிய புளியமரம். அதன் அடியில் நாலு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில் நூறு தடவையாவது போயிருப்பேன். நம் பக்கம் புளி தட்டுகிற சத்தம் கேட்காத மாசி, பங்குனி உண்டா? அதனாலேயே நின்று பார்த்ததில்லை.

மணி பதினொன்று. காலை, மாலை வெயில்தான் படத்துக்கு நல்லது, உச்சி வெயிலில் கேமராவைப் பையில் வை என்று படித்தே வளர்ந்தவர்கள் நாம். சும்மா பேச்சுக்குத்தான் அங்கிருந்த வயதான ஆயாவிடம் கேட்டேன்: இந்த வெயிலில் எதற்குக் கஷ்டப்படுகிறீர்கள், காலை வேளையில் தட்டினால் என்ன?

"காலைல ஓடு பனி குடிச்சுட்டு நமத்துக் கெடக்கும் கண்ணு. அடிச்சா பழத்தோட சேந்து நசுங்கிப்போவும். வெயில் ஏறினாத்தான் ஓடு மொறுமொறுன்னு ஒடஞ்சு தனியா வரும்."

எனக்கு அந்த இடத்தில் ஏதோ பிடிபட்டது. வெளிச்சத்துக்கு நான் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறேன், அந்த வேலைக்கு வேறொரு கடிகாரம் இருக்கிறது. என் கடிகாரத்தைப் பார்த்துப் போனதால் நான் போன நேரமெல்லாம் அங்கே எதுவுமே நடக்காத நேரமாக இருந்திருக்கிறது.

படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "மூஞ்சி வேணாம். கைய எடுத்துக்கோ" என்றார். சரி என்று மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

புளியமரத்து நிழல் வேப்பமர நிழல் மாதிரி இல்லை. இலை பொடிப்பொடியாக இருப்பதால் வெயில் சில்லறைக் காசாகக் கீழே சிதறிக் கிடக்கும். சுத்தியல் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் ஓட்டுத் தூசி எழும்பி அந்தக் காசு வெளிச்சத்துக்குள் ஒரு நொடி நின்று அடங்குகிறது. ஷட்டரை 1/1000 நொடி வேகத்தில் வைத்து எடுத்தால் ஓட்டுச் சில்லுகள் அந்தரத்தில் அப்படியே நிற்கின்றன. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, 11 வரைக்கும் மூடி, கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து 1/30 நொடிக்கு வந்தேன். சுத்தியல் வெறும் புகையாகிவிட்டது. பழத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் இடது கை மட்டும் தெளிவாக நின்றது. கட்டைவிரல் நகம் கறுத்து, ஆள்காட்டி விரலில் புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. புளிப்பு அரித்து விரல்நுனி வெடித்துவிடுமாம், அதற்கு அந்தத் துணி. சக்கரம் தயாராகிப் பையன் கூப்பிட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அறுபது படம் எடுத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஸ்டுடியோவில் இரண்டு படம் பிரிண்ட் போட்டுக்கொண்டு போனேன். ஆயா கையை நீட்டி எட்டத்தில் வைத்துப் பார்த்தார். கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். விரல் வைத்துக் காட்டியது கீழே இருந்த கல்லை.

"எங்க மாமியா கல்லு இது. குழி பாத்தியா? நான் வாக்கப்பட்டு வந்தப்போ இவ்ளோ இல்ல."

கல்லின் நடுவில் உள்ளங்கை அடங்குகிற அளவுக்கு ஒரு குழி. இரண்டு பேர் ஆயுசு முழுக்க அடித்து அடித்து விழுந்த குழி. என் அறுபது படத்திலும் அது இருந்தது. துளையை முழுக்கத் திறந்தால் ஒரு இடம்தான் தெளிவாக விழும். பாதிப் படத்தில், அப்படித் திறந்து வைத்து எடுத்த ஜோரில், நானே அந்தக் குழியை மங்கலாக்கி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு அங்கேயே போனேன். இப்போது எங்கே போனாலும் முதலில் கேமராவை எடுப்பதில்லை. இந்த வேலை எந்த நேரத்தில் நடக்கும், ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். உங்களுக்கு இப்படி யாராவது கண்ணைத் திறந்துவிட்டார்களா? எழுதுங்கள்.

ஊத்தங்கரை

எனக்குத் திறந்துவிட்டவர் ஆடு மேய்ப்பவர்.

நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகற்கள் எவ்வளவு இருக்கின்றன என்று தெரியும். பல்லவர் காலத்துக் கல்கூட உண்டு. மாட்டைக் கவர்ந்துபோக வந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்டது. வட்டெழுத்தில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருப்பார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. ஊர்க்காரர்களுக்கு அது வேடியப்பன். பொங்கல் வைப்பார்கள், சந்தனம் பூசுவார்கள்.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வயல் ஓரமாக ஒன்று நிற்கிறது. தை மாதம் ஒரு மதியம் போய் எடுத்தேன். படத்தில் சாம்பல் நிறப் பலகை மாதிரி ஒரு கல், அவ்வளவுதான். வில் இல்லை, ஆள் இல்லை, எழுத்து இல்லை. சிலர் எழுத்து தெரிய மாவு தேய்த்து எடுப்பார்கள், எனக்கு அது பிடிக்காது. சாமியாகக் கும்பிடுகிற கல், அதுவும் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேய்ந்து நிற்கிற கல். அதன்மேல் எதையாவது பூசித்தான் படம் எடுக்க வேண்டுமா?

ஆடு மேய்ப்பவர் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, "இப்போ வேடியப்பன் படுத்துனு இருக்காரு. பொழுது சாயட்டும், எழுந்து நிப்பாரு" என்றார்.

ஏதோ நம்பிக்கையில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் உட்கார்ந்தேன். அவர் தூக்குவாளியில் இருந்து கம்மங்கூழ் ஊற்றிக் கொடுத்தார், குடித்தேன். ஐந்தரைக்கு மேல் வெயில் மேற்கே இருந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு வந்தது. முதலில் முழங்கால் தெரிந்தது. பிறகு வில் வளைவு. பிறகு வலது கையில் அம்பு. கடைசியாக, நெஞ்சில் தைத்திருக்கும் இரண்டு அம்பும் நிழலோடு மேலே வந்தன. எழுந்து நின்றார் என்றால் அப்படியே எழுந்து நின்றார்.

அந்தக் கல் தெற்கே பார்த்தது. தை மாதத்து மதிய வெயில் எதிர்ப்பக்கம் இருந்து முகம் முழுக்க விழுந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும், சாய்கிற வெயில் பக்கவாட்டில் வருவதால் சின்ன மேடுகூட நிழல் போடும். கிழக்கே பார்த்த கல் என்றால் நேர்மாறு. காலையில் தட்டை, உச்சிப் பொழுதில்தான் வெளிச்சம் மேலிருந்து உரசி இறங்கும். இதெல்லாம் வீட்டுக்கு வந்து யோசித்துப் புரிந்துகொண்டது. அவர் இருபது வருடமாக அந்தக் கல்லைத் தினமும் பார்த்துச் சொன்னார்.

ஓசூர்

புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறேன். ஆட்களிடம் போய்க் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்டால் உடனே நிமிர்ந்து சிரித்து நிற்கிறார்கள், கேட்காமல் எடுத்தால் தப்பு. என்ன செய்வது அண்ணா?

தர்மபுரி (தொடங்கியவர்)

தம்பி, கேட்டுவிட்டே எடுங்கள். நிமிர்ந்து நிற்கிற படத்தை முதலில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அது அவர்களுக்கு வேண்டியது. பிறகு பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். வேலை அவர்களை இழுத்துக்கொள்ளும். பிரிண்ட் கொடுக்கிறேன் என்று சொன்னால் மறக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்காமல் விட்டவர்களால் அடுத்து வருகிறவனுக்குத்தான் கெட்ட பெயர்.

பென்னாகரம்

எங்கள் வீட்டில் பட்டுப்பூச்சி வளர்ப்பு. பிறந்ததில் இருந்து மல்பெரி இலை வாசனைதான். அதனாலேயே என் படங்களில் அது எதுவும் இருக்காது. வெளியே போய்ப் பறவை எடுப்பேன், வீட்டுக்குள் இருப்பதை எடுத்ததில்லை.

ஒரு தடவை புழு கூடு கட்ட ஆரம்பித்த ராத்திரி, போனுக்கு மாட்டுகிற, சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸோடு ஷெட்டுக்குள் போனேன். நாலு தோல் உரித்து முடித்த புழு கூடு கட்டும் பருவத்துக்கு வந்தால் இலை தின்பதை நிறுத்திவிடும், உடம்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தலையைத் தூக்கித் தூக்கி இடம் தேடும். அப்போது பொறுக்கி எடுத்துச் சந்திரிகையில் விடுவோம். மூங்கில் தட்டில் வட்டமாகச் சுற்றிய தடுப்பு. நான் பளீரென்று எல்.இ.டி. விளக்கை ஒரு பக்கமாகப் பிடித்தேன். இரண்டு நிமிடத்தில் அப்பா வந்து கையில் இருந்து வாங்கி அணைத்துவிட்டார். "வெளிச்சம் அடிச்சா இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் இருட்டுப் பக்கமா ஓடும். ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ரெட்டைக் கூடா கட்டிடும். அதுக்கு அங்காடியில என்ன வெல கெடைக்கும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. எனக்குப் படம், அவருக்கு ஒரு மாதத்து உழைப்பு.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். ஓலைத் தட்டியைக் கொஞ்சம் விலக்கி, சந்திரிகையைச் சுவரோரம் நிறுத்தி, "இப்ப எடு, இது அதுக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். மெல்லிய, ஒரே சீரான வெளிச்சம். கூடு பாதி கட்டியிருந்தது, உள்ளே புழு தலையை எட்டு போடுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருப்பது அந்த மெல்லிய சுவர் வழியே நிழலாகத் தெரிந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சுவர் தடித்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலை நேரம் தவறினால் அடுத்த வளர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்பா கூட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டி, உள்ளே கூட்டுப்புழு உருளுகிற சத்தம் கேட்டுத்தான் சந்திரிகையில் இருந்து பிரித்து எடுக்கலாமா என்று முடிவு செய்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அடுத்த படம் அதுதான். இன்னும் சரியாக வரவில்லை.

தேன்கனிக்கோட்டை

நான் ஆசிரியை. கேமரா இல்லை, போன் மட்டும்தான். எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கேழ்வரகு அறுப்பு முடிந்ததும் கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டி மிதித்துத் தாள் தனி, மணி தனியாகும். இருசக்கர வண்டியில் வருகிறவர்கள் பார்த்து வாருங்கள், சக்கரம் வழுக்கும். பஸ் போன பிறகு எழும்பும் தூசியில் பெண்கள் முறத்தோடு உள்ளே வருவதைப் பஸ்ஸின் பின் கண்ணாடியில் இருந்து மூன்று வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் அதே பஸ், அதே ஜன்னல்.

ஆனால் சொல்ல வந்தது வேறு. கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டில் இருந்து யானைகள் வரும். ராத்திரி முழுக்கப் பரண் மேல் காவல். மாமனாரோடு ஒரு ராத்திரி நானும் ஏறினேன். நிலா இல்லை. ஒன்றும் தெரியவில்லை, சத்தம்தான். கதிரைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிற சத்தம், வேர் மண்ணோடு பிய்கிற சத்தம், பிறகு மண்ணை உதறக் காலில் அடித்துக்கொள்கிற சத்தம். நான் போனை எடுத்தேன். மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. தயவு செய்து யாரும் யானை எடுக்கிறேன் என்று வயலுக்குள் இறங்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் உயிர் போகிற இடம் இது.

விடிந்த பிறகு இறங்கினோம். ஈர மண்ணில் ஒரு காலடி, முறம் அகலத்துக்கு. அந்தக் காலடிக்குள் மாமனார் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, எத்தனை கொத்து போயிருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பையும் காலடியையும் எடுத்தேன். நான் எடுத்த ஒரே யானைப் படம்.

தர்மபுரி (தொடங்கியவர்)

அம்மா, அந்தப் படத்தைப் பார்க்காமலேயே கண்ணில் நிற்கிறது. ஊத்தங்கரை நண்பரே, அடுத்த தை மாதம் நானும் வருகிறேன், கூழுக்கும் சேர்த்து. பென்னாகரம் தம்பி, அப்பா கூட்டை ஆட்டும்போது முகத்தை விட்டுவிட்டுக் காதையும் கூட்டையும் மட்டும் எடுத்துப் பாருங்கள், அதுவும் அந்த ஓலைத் தட்டி வெளிச்சத்திலேயே.

நேற்று புளியமரத்துக்குப் போயிருந்தேன். புளி தட்டுகிற வேலை முடிந்துவிட்டது. ஆயா மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கல் மரத்தடியிலேயே கிடந்தது. முந்தின ராத்திரி மழை. குழியில் தண்ணீர் நின்றிருந்தது, ஒரு கோழி வந்து குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. இந்தத் தடவை அப்பர்ச்சர் 8.