இங்கிலாந்துக் கவுன்சிலர் அலவன்ஸ்: தொகையை முடிவு செய்யும்போது எங்கே சிக்குகிறது? (அனுபவப் பகிர்வு; பதிவுகளின் தலைப்பில் இருப்பவை எழுதுபவர்களின் புனைபெயர்கள்)

கோப்புக்கட்டு:
லண்டன் போரோ (நகர உள்ளாட்சிப் பகுதி) தேர்தலில் நம்மவர்கள் யாராவது நின்றால் உடனே வரும் கேள்வி, "கவுன்சிலருக்கு எவ்வளவு கிடைக்கும்?" இங்கிலாந்து முழுக்க ஒரே தொகை கிடையாது. 2003 விதிகளின்படி ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென ஒரு அலவன்ஸ் திட்டம் போட வேண்டும். அதற்கு முன் வெளியாட்கள் அடங்கிய பேனலிடம் பரிந்துரை வாங்க வேண்டும். பேனலில் குறைந்தது 3 பேர். அந்தக் கவுன்சிலின் உறுப்பினரும், உறுப்பினராகும் தகுதி இல்லாதவரும் அதில் உட்கார முடியாது. அதனால் கவுன்சில் ஊழியருக்கும் இடமில்லை.

பேனல் சொன்னதைக் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கூட்டலாம், குறைக்கலாம், கிடப்பிலும் போடலாம். கடைசியில் தங்கள் பணத்துக்குத் தாங்களே கை தூக்குகிறார்கள். வேல்ஸில் இப்படி இல்லை. அங்கே தனி அமைப்பு முடிவு செய்தால் கவுன்சில்கள் அதன்படி நடக்க வேண்டும்.

இந்த வேலையோடு பழக்கம் உள்ளவர்கள் கணக்கையும் பொறிகளையும் எழுதுங்கள்.

மணிக்கணக்கு:
அடிப்படை அலவன்ஸிலிருந்து தொடங்கலாம். எல்லாக் கவுன்சிலருக்கும் அது ஒரே தொகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 'அதிகம் உழைப்பவருக்குக் கொஞ்சம் கூட' என்ற பேச்சுக்கே இடமில்லை. கூட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பழைய வழக்கத்தை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது.

பெரும்பாலான பேனல்கள் போடும் கணக்கு: மணி × மணிக்கூலி, அதில் பொதுச்சேவைக் கழிவு. கவுன்சிலர் வேலையில் ஒரு பகுதி தொண்டு, அதற்குப் பணம் இல்லை என்பதுதான் அந்தக் கழிவின் பொருள். மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வைப்பது வழக்கம். சில இடங்களில் பாதிவரை போகும்.

உதாரணத்துக்கு வாரம் 15 மணி, மணிக்கு 18 பவுண்ட், கழிவு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15 × 52 = 780 மணி. 780 × 18 = 14,040 பவுண்ட். கழிவு 4,914 போக 9,126. இதே கணக்கை 52 வாரத்துக்குப் பதில் 46 வாரத்துக்குப் போட்டால் 8,073தான் வரும். விடுமுறையைக் கழித்தீர்களா இல்லையா என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதாமல் விட்டால், நாலு வருடம் கழித்து வரும் அடுத்த பேனலுக்குப் பழைய எண் எப்படி வந்தது என்றே தெரியாது.

மணியில்தான் பெரிய தவறு நடக்கும். உறுப்பினர்களுக்குப் படிவம் அனுப்பினால் திரும்பி வருவது பாதிகூட இருக்காது. நிரப்பித் திருப்பி அனுப்புபவர்களில் பதவி வகிப்பவர்கள் அதிகம். லீடரும் (கவுன்சிலை நடத்தும் தலைவர்) அவருடைய கேபினட் உறுப்பினர்களும் எழுதிய மணியைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அடிப்படை வீங்கிவிடும். அதே மணிக்குப் பொறுப்பு அலவன்ஸும் (கூடுதல் பதவிக்கான தனித் தொகை) தருவதால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கொடுத்த கணக்காகும். பொறுப்பு எதுவும் இல்லாத பின்வரிசை உறுப்பினர்களின் மணியை மட்டும் எடுங்கள். கட்சிக் கூட்டம், துண்டறிக்கை விநியோகம் இவற்றையும் படிவத்திலேயே தனிக் கட்டமாகப் பிரித்துக் கேட்டு விலக்கிவிடுங்கள். பிறகு கேட்டால் யாரும் பிரித்துத் தர மாட்டார்கள்.

மணிக்கூலிக்குத் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் வருடாந்தர ஊதியக் கணக்கெடுப்பை எடுப்பார்கள். அதில் ஒரே மாவட்டத்துக்கு இரண்டு எண் இருக்கும்: அங்கே வசிப்பவர்களின் கூலி, அங்கே வேலை பார்ப்பவர்களின் கூலி. லண்டனுக்கு ரயிலேறிப் போகிறவர்கள் நிறைந்த ஊரில் முதல் எண் நன்றாகவே கூடும். முழுநேரத்தார் மட்டுமா, எல்லா ஊழியருமா என்பது இன்னொரு பிரிவு. எதை எடுத்தாலும் நியாயம் சொல்லலாம். போன முறை ஒன்று, இந்த முறை வேறொன்று என்று மாற்றினால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

போரோப் பார்வை:
மேலே சொன்னது மாவட்ட, கவுண்டி கவுன்சில்களுக்குப் பொருந்தும். லண்டன் போரோக்கள் தங்களுக்கென்று பேனல் அமைக்காமல், லண்டன் கவுன்சில்ஸ் கூட்டமைப்பு நியமிக்கும் பொதுப் பேனலின் அறிக்கையை வைத்தே வேலையை முடிக்கலாம். அந்தப் பேனல் 2022-இல் சொன்ன அடிப்படை 12,014 பவுண்ட். 2023 அறிக்கையில் 15,960. இவ்வளவு பெரிய தாவலை ஒரே வருடத்தில் ஏற்க பல லீடர்களுக்குத் துணிவு வராது. "ஊழியருக்கு ஆள்குறைப்பு, தங்களுக்கு உயர்வு" என்று மறுநாளே உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிடும். அதனால் பரிந்துரை ஓர் எண், நடைமுறை வேறோர் எண். பரிந்துரையைப் பார்த்துவிட்டு வருமானத்தைத் திட்டமிடாதீர்கள். அந்தந்தப் போரோவின் அமைப்புவிதித் தொகுப்பில் அலவன்ஸ் திட்டம் இருக்கும், அதைப் பாருங்கள்.

கோப்புக்கட்டு:
பொறுப்பு அலவன்ஸ் பற்றி நானே எழுதிவிடுகிறேன். லீடருக்கு அடிப்படையின் 3 மடங்கு என்பது மாதிரி ஒரு பெருக்கம், மற்றவர்களுக்கு லீடர் தொகையில் இத்தனை சதவீதம்: இதுதான் சுலபமான வழி. மேலே போட்ட 9,126-ஐ எடுத்தால் லீடருக்கு 27,378. கேபினட் உறுப்பினருக்குப் பாதி வைத்தால் 13,689.

கவனிக்க வேண்டியவை மூன்று. பெரும்பான்மைக் கட்சி ஒன்று இருக்கும் கவுன்சிலில், அந்தக் கட்சியைச் சேராத ஒருவருக்காவது பொறுப்பு அலவன்ஸ் போக வேண்டும், இது விதி. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் பொறுப்பு அலவன்ஸ் வாங்கினால் மக்கள் கேள்வி கேட்பது நியாயமே என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. இது விதி இல்லை, ஆனால் பத்திரிகைக்காரர்கள் இந்த வரியை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஒருவருக்கு ஒரு பொறுப்பு அலவன்ஸ் மட்டும் என்பதைப் பலர் சட்டம் என்றே நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. வேண்டுமென்றால் உங்கள் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கமிட்டித் துணைத்தலைவர் பதவிகளில்தான் பணம் கசியும். தலைவர் வராத நாளில் மட்டும் நாற்காலியில் உட்காருபவருக்கு வருடம் முழுக்க எதற்கு அலவன்ஸ்? பிளானிங் (கட்டட அனுமதி) கமிட்டித் தலைவர் விஷயம் வேறு: மாதாமாதம் கூட்டம், அதற்கு முன் அதிகாரிகளுடன் விளக்கக் கூட்டம், இடத்தைப் போய்ப் பார்ப்பது, தடித்த அறிக்கைகள். கேபினட் முறை வந்த பிறகும் அந்த வேலை குறையவில்லை.

சிவிக் மேயருக்கு (விழாக்களுக்கான அலங்காரப் பதவி) கொடுக்கும் தொகையை இதில் கலக்காதீர்கள். பதவிச் செலவுக்கு 1972 சட்டத்தின் கீழ் தருவது அது. இந்தத் திட்டத்துக்குள் வராது.

ஏப்ரல் முதல்:
வருடாவருடம் உயர்த்துவதில் ஒரு வில்லங்கம். திட்டத்தில் ஒரு குறியீட்டை (எந்த அளவைப் பார்த்து உயர்த்துவது என்பதை) சொல்லிவிட்டால் பேனலைக் கூட்டாமலே தொகை தானாக உயரும். 4 வருடத்துக்கு மேல் அதையே பிடித்துக்கொண்டு ஓட முடியாது. மறுபடி பேனல் சொல்ல வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்ட கவுன்சில், பழைய குறியீட்டை நம்பி உயர்வு கொடுத்தால் அதற்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

'ஊழியர் ஊதிய உயர்வின்படி' என்றுதான் பலர் எழுதுவார்கள். 2022-23-இல் அந்த உயர்வு சதவீதமாக வரவில்லை. எல்லா நிலைக்கும் 1,925 பவுண்ட் என்று மொத்தத் தொகையாக வந்தது. கீழ்நிலை ஊழியருக்கு அது 10 சதவீதத்தை ஒட்டி, மேல்நிலையில் 4 சொச்சம். இதில் கவுன்சிலருக்கு எது? ஊழியரின் அலவன்ஸ்களுக்குச் சொன்ன 4.04 சதவீதத்தை எடுக்கலாம் என்று ஒரு வாதம், 1,925-ஐ அப்படியே சேர்க்கலாம் என்று இன்னொரு வாதம். அதனால் 'மொத்தத் தொகையாக வந்தால், 43-ஆம் ஊதியப் புள்ளியில் (ஊழியர் ஊதிய அட்டவணையின் உச்சி) அது எத்தனை சதவீதமோ அதுவே' என்று முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. அந்த வருட உடன்பாடு நவம்பர் 1-இல்தான் வந்தது. ஏப்ரலிலிருந்து நிலுவை போட வேண்டியிருந்தது. நடுவில் பதவி போனவர்களுக்கும் சேர்த்து.

திட்டத்தையே திருத்தினால், திருத்தம் செய்த நிதியாண்டின் தொடக்கம் வரைதான் பின்தேதியிடலாம். மார்ச்சில் இழுத்தடித்து ஏப்ரல் கூட்டத்துக்குத் தள்ளினால் முந்தைய வருடம் போனது போனதுதான்.

சிற்றூர்:
பாரிஷ் கவுன்சிலுக்கு (ஊர் அளவிலான மிகச் சிறிய கவுன்சில்) ஒரு குறிப்பு. அங்கே அலவன்ஸ் தேர்தலில் வந்த உறுப்பினருக்கு மட்டும். காலியிடத்தில் கூட்டு நியமனமாக (தேர்தல் இல்லாமல் கவுன்சிலே சேர்த்து) வந்தவர் பயணச் செலவு வாங்கலாம், அடிப்படை வாங்க முடியாது. போட்டியின்றி வந்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான். அவருக்கும் சேர்த்து அடிப்படையை நிறுத்திவிடும் கிளார்க்குகள் உண்டு.

போரோ, மாவட்ட, கவுண்டி கவுன்சில்களில், பிள்ளைகளையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவுக்கு ரசீது வேண்டும், அனுமதிக்கப்பட்ட பணியாகவும் இருக்க வேண்டும். சனிக்கிழமை வார்டு மக்களைச் சந்திப்பது பல திட்டங்களின் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லிப் பேனலிடம் கேளுங்கள்.

மணிக்கணக்கு:
வரி, மானியம் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. அடிப்படைக்கும் பொறுப்புக்கும் வருமான வரி உண்டு, சம்பளம் போலவே பிடித்துக்கொண்டு தருவார்கள். சொந்தக் காரில் போனால் மைலுக்கு 45 பென்ஸ் வரை வரி இல்லை; வருடத்தில் 10,000 மைல் தாண்டினால் 25 பென்ஸ்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத அடி கேரர்ஸ் அலவன்ஸில் (வீட்டில் ஒருவரைப் பராமரிப்பவருக்கு அரசு தரும் உதவித்தொகை) விழும். ஏப்ரல் 2025-இல் அதன் வருமான வரம்பு வாரம் 196 பவுண்டாக இருந்தது. 9,126 என்றால் வாரம் 175 சொச்சம், தப்பித்துக்கொள்ளலாம். 12,014 என்றால் 231. அனுமதிக்கப்படும் செலவுகளைக் கழித்தும் வரம்புக்கு மேலே நின்றால், கொஞ்சம் குறைப்பதெல்லாம் இல்லை, முழுவதும் நின்றுவிடும். அலவன்ஸில் ஒரு பகுதியை வேண்டாம் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கொடுக்க விதியில் வழி இருக்கிறது. ஆனால் யூனிவர்சல் கிரெடிட்டும் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர் அந்தக் கடிதத்தை எழுதுமுன் நலத்திட்ட ஆலோசகரைப் பார்ப்பது அவசியம். மானியத்துக்காகவே வருமானத்தை விட்டதாக முடிவு செய்தால், கைக்கு வராத பணத்தையும் வந்ததாகவே கணக்கில் எடுப்பார்கள்.