ஏழு வயது மகள் ஞானஸ்நானம் கேட்கிறாள், என்ன சொல்வது?

பாளைவாசி:
மே லீவில் சபையில் நடத்துகிற விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். கடைசி நாளில் "இயேசப்பாவுக்கு இருதயத்தைக் கொடுக்கிறவங்க கை தூக்குங்க" என்று கேட்டிருக்கிறார்கள், இவளும் தூக்கியிருக்கிறாள். அவள் கூட்டாளிகள் எல்லோருமே தூக்கினார்களாம், அதனால் முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கப்புறம் நாங்கள் சொல்லாமலே ராத்திரி முழங்கால் போடுகிறாள், தம்பியையும் இழுத்து உட்கார வைக்கிறாள், இப்போது ஞானஸ்நானம் வேண்டும் என்கிறாள். நாங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கைக்குழந்தையிலேயே கொடுத்தாயிற்று. போட்டோவைக் காட்டினால் "அது நீங்க கேட்டது, நான் கேட்கலையே" என்கிறாள்! என் அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர், அவருக்கு இது போதாதா, முழுக்கு (தண்ணீரில் முழுக வைத்துக் கொடுக்கிற ஞானஸ்நானம்) கொடுத்தே தீர வேண்டும் என்று நிற்கிறார். வீட்டுக்காரர் "ஐயரிடம் (எங்கள் சபைப் போதகரிடம்) கேள்" என்பதோடு சரி. எங்களைப் பார்த்துச் செய்கிறாளா, அவளாகவே எடுத்த முடிவா, எப்படித் தெரிந்துகொள்வது?

சேகரத்துக்காரன்:
சபை ஒழுங்கைப் பொறுத்தவரை இதில் குழப்பமே இல்லை. குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லும், சிஎஸ்ஐயில் இரண்டாவது தடவை கொடுக்க மாட்டார்கள். அவள் கேட்கிற அந்த "நானே சொல்ல வேண்டும்" என்பதற்காகத்தான் திடப்படுத்தல் இருக்கிறது. பதின்வயதில் வகுப்புக்குப் போய் விசுவாசப்பிரமாணம், பத்துக் கற்பனை எல்லாம் படித்து, பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்கும்போது சபை முன்னால் தன் வாயால் சொல்வாள். அதுவரை அவளைச் சும்மா உட்கார வைக்க வேண்டாம். ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லட்டும், குடும்ப ஜெபத்தில் ஒரு நாள் அவளே ஜெபிக்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், எங்கள் பக்கம் திடப்படுத்தல் பாதி வீடுகளில் புது டிரஸ், போட்டோ, பிரியாணி என்று முடிந்துவிடுகிறது. ஏழு வயதில் மனதாரக் கேட்கிறவளுக்குப் பதினாலு வயதில் அது வெறும் சடங்காகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

எலியாவின்காகம்:
சிஸ்டர், நான் பெந்தெகொஸ்தே. குழந்தை ஞானஸ்நானத்தை நாங்கள் ஏற்பதில்லை, அதை இங்கே விவாதிக்கவில்லை. ஆனால் உங்கள் அம்மா அவசரப்படுவதற்கு எங்கள் பக்கத்திலும் ஆதாரம் குறைவு. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைப் பார்த்து ஞானஸ்நானம் கேட்டபோது பிலிப்பு வைத்த நிபந்தனை முழு இருதயத்தோடு விசுவாசிப்பது. அந்த மந்திரி வளர்ந்தவர், ஏசாயாவை வாசித்து, புரியாததைக் கேட்டுக் கொண்டிருந்தவர். எங்கள் பாஸ்டர் சின்னப் பிள்ளைகள் கேட்டால் மறுக்க மாட்டார், "சந்தோஷம், இன்னும் கொஞ்சம் வளர்ந்து வா" என்பார். கி.பி. 200 வாக்கிலேயே ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் பிள்ளைகளுக்கு அவசரப்பட வேண்டாம், வளர்ந்து கற்றுக்கொண்டு வரட்டும் என்று எழுதியிருக்கிறார், அதனால் இந்தச் சண்டை நம் வீடுகளில் தொடங்கியது அல்ல.

கொடைரோடு:
தெர்த்துல்லியனைச் சொன்னதால் மறுபக்கமும் சொல்கிறேன், நான் கத்தோலிக்கன். புனித அகுஸ்தினார் சிறுவனாக இருந்தபோது வயிற்று நோய் வந்து சாகக் கிடந்தார், ஞானஸ்நானம் கொடுங்கள் என்று அவரே அழுது கேட்டார், தாய் மோனிக்கா ஏற்பாடு செய்வதற்குள் குணமாகிவிட்டது, உடனே தள்ளிப்போட்டுவிட்டார்கள். கடைசியில் 387இல் மிலான் நகரத்தில், 32 வயதில்தான் பெற்றார். அப்போதே கொடுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவரே பின்னால் எழுதினார். எங்களிடம் ஏழு வயது முக்கியமான வயது, புத்தி விவரம் வருகிற வயது. முன்பு புதுநன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு) பத்து, பன்னிரண்டு வயது வரை காக்க வைத்தார்கள், திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் அதை ஏழு வயதளவுக்கு இறக்கினார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும், இறையியல் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று முடிவு கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

சும்மாவந்தவன்:
ஏழு வயதில் என்ன சாப்பிட வேண்டும் என்றுகூட அவள் முடிவெடுப்பதில்லை, இதில் மட்டும் முடிவா? அவள் வேறு வீட்டில் பிறந்திருந்தால் வேறு சாமி.

பழைய விபிஎஸ் டீச்சர்:
மேலே உள்ளவர் சொன்னதில் பாதி உண்மை, வீடு கொடுக்கிறதுதான் முதலில் வரும். அதனாலேயே பொய்யாகிவிடாது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்றுதான் பவுலே எழுதுகிறார்.

அக்கா, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அன்றைக்கு கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் என்ன கதை சொன்னார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐந்து நிற மணிக் கயிறு கட்டியிருப்பார்கள்: பொன் என்றால் பரலோகம், கறுப்பு பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை சுத்த இருதயம், பச்சை வளர்ச்சி. 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்கிற பிரசங்கியார் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிறத்தோடு சொன்னது, மற்றவை பிறகு சேர்ந்தவை. (கறுப்பு என்றால் பாவம் என்று நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்வது எனக்கு என்றைக்குமே ஒப்பவில்லை, நான் இருட்டு என்று மாற்றிக்கொள்வேன்.) கறுப்பு மணி வரும்போது சில டீச்சர்கள் நரகத்தை விவரிப்பார்கள் பாருங்கள், ராத்திரி தூங்காத பிள்ளைகள் உண்டு. உங்கள் பெண் பயத்தில் கேட்கிறாளா, அன்பில் கேட்கிறாளா என்று பாருங்கள். "இன்னைக்கு செத்தா நான் எங்க போவேன்" என்கிற மாதிரி பேசினால் முதலில் அந்தப் பயத்தை எடுங்கள், ஞானஸ்நானப் பேச்சு அப்புறம்.

அன்பு என்றால் சாமுவேல் கதையை (1 சாமுவேல் 3) சேர்ந்து வாசியுங்கள். ஆலயத்திலேயே வளர்ந்த பிள்ளை, ஆனாலும் சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்று அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. ராத்திரி கர்த்தர் கூப்பிட்டதை ஆசாரியர் ஏலி கூப்பிட்டதாக நினைத்து மூன்று தடவை எழுந்து ஓடி வந்தவனுக்கு ஏலி பதில் சொல்லச் சொல்லிக்கொடுத்தார், போய்ப் படுத்துக்கொள் என்றார், அவனுக்குப் பதிலாகத் தான் போய்க் கேட்கவில்லை. பெரியவர்கள் வேலை அந்த அளவுதான் என்பது என் எண்ணம்.

பாளைவாசி:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி கேட்டேன். நரகம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம், சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளன் கதையாம், "கடைசியில கேட்டவனுக்கே கொடுத்தாரு, நான் இப்பவே கேட்டா தர மாட்டாரா" என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. ஐயர் ஞாயிறு ஆராதனை முடிந்து அவளைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார், எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் பேசுவாராம். முழுக்கு இப்போது இல்லை என்று நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டோம். அதை அவள் ஆச்சியிடம், அதாவது என் அம்மாவிடம், யார் சொல்வது என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.