வெள்ளத்துக்கு வாங்கிய ரப்பர் படகு கிழிந்தால் ஒட்டுவதா, மாற்றுவதா? (அனுபவப் பகிர்வு)

மருதூர் மேலக்கால் எழுதியது:

ஊர்ப் பணத்தில் வாங்கிய காற்றுப் படகு கிழிந்துவிட்டது, ஒட்டலாமா, வேறு வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எங்கள் ஊரே இதே கேள்வியில் இரண்டு கட்சியாக நின்றது. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

நெல்லை, தூத்துக்குடியை மூழ்கடித்த 2023 டிசம்பர் 17, 18 மழையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் நடுவெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மார்பளவு தண்ணீர். எதிர்த் தெருவில் நிறைமாதக்காரி ஒருத்தி இருந்தாள். கூப்பிடு தூரம்தான், ஆனால் போக வழியில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் லாரியில் வள்ளம் ஏற்றிக்கொண்டு வந்த பிறகுதான் அவளை மீட்க முடிந்தது. அந்த ராத்திரியை அனுபவித்தவர்கள் சேர்ந்து பிரித்த பணத்தில் வாங்கியதுதான் எங்கள் படகு. நாலு மீட்டர் நீளம், பி.வி.சி. துணி, பின்னால் இன்ஜின் மாட்டப் பலகை.

குளத்தில் பயிற்சி எடுக்கும்போது தண்ணீருக்கடியில் இருந்த சீமைக்கருவை மூடு ஒன்று இடது டியூபைக் கிழித்தது. அரைச் சாண் நீளம். அந்த ஒரு அறை சப்பிப்போனாலும் மற்ற அறைகள் தாங்கியதால் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். நல்ல படகில் காற்றறைகளைத் தனித்தனியாகத் தடுத்து வைப்பது இதற்காகத்தான்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து தொடங்கியது. "பஞ்சர் கடையில குடுத்தா பத்து நிமிசத்துல ஒட்டிருவாம்" என்றது ஒரு கட்சி. "கிழிஞ்ச படகுல எவம்வே புள்ளைகுட்டிய ஏத்துவான்?" என்றது இன்னொன்று. இரண்டு பக்கமும் பேசியது கிழிசலைப் பற்றி மட்டும்தான்.

தூத்துக்குடிப் பக்கம் கப்பல்களின் ரப்பர் படகுகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். படகைப் புரட்டிப் போடச் சொன்னார். கிழிசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓட்டை கெடக்கட்டும் தம்பி. துணி உயிரோட இருக்கா, அதப் பாப்போம்" என்றார். அதற்குப் பிறகு மறுநாள் வரை அவர் செய்ததைத்தான் இங்கே எழுத நினைத்தேன். புதிது வாங்குவதா என்று யோசிக்கிற எவரும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் துணி என்ன வகை என்று பார்த்தார். பி.வி.சி. என்றால் கிழிந்த இடத்தில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருக்கும். ஹைப்பலான் என்கிற ரப்பர்த் துணி என்றால் வெளியே மங்கலாகவும் உள்ளே வேறு ரப்பராகவும் தெரியும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பொடி உதிரும். (ஹைப்பலான் என்ற பெயரில் தயாரித்த டூபாண்ட் கம்பெனி 2010-ல் அதை நிறுத்திவிட்டது. வேறு கம்பெனிகள் அதே வகை ரப்பரைச் செய்கின்றன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒன்றுக்குரிய பசை மற்றதில் பிடிக்காது. பி.வி.சி.க்குப் பாலியூரித்தேன் பசை, ஹைப்பலானுக்கு நியோபிரீன் பசை. இரண்டுமே கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து பூசும் வகையாக இருக்க வேண்டும். சைக்கிள் டியூபுக்குப் போடுகிற சொலூஷன் பி.வி.சி.யில் பிடித்த மாதிரி தெரியும், வெயிலில் நாலு நாள் கிடந்தால் உரிந்து வந்துவிடும்.

அடுத்து, கிழிசலிலிருந்து தள்ளி வெயில் அதிகம் படும் மேல்பக்கத்தில் துணியை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தார். மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ, மேல்பூச்சு போய் உள்நூல் எட்டிப் பார்த்தாலோ துணி முடிந்தது என்று அர்த்தம். பி.வி.சி.யை நெகிழ்வாக வைத்திருக்கும் சரக்கு வெயிலில் நாளாக நாளாக வெளியே கசிந்துவிடும், அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. அப்படிப்பட்ட துணியில் எவ்வளவு நல்ல ஒட்டுப் போட்டாலும், ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் கிழியும். எங்கள் துணி வெடிக்கவில்லை.

பிறகு மற்ற அறைகளில் காற்றடித்து, சோப்புத் தண்ணீரைப் படகு முழுக்கப் பூசினோம். ஓர் இடத்தில் குமிழ் வந்தால் அது துளை. வால்வைச் சுற்றி வந்தால் பெரும்பாலும் வால்வை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். ஒரு பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நுரைத்தால் துணியே காற்றைக் கசியவிடுகிறது, அதற்கு வைத்தியம் கிடையாது. டியூபுக்குள் ஊற்றும் அடைப்பான் திரவம் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் உயிரை ஏற்றுகிற படகில் அதை நம்பக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ராத்திரி அப்படியே விட்டோம். விடியற்காலையில் டியூப் தளர்ந்திருந்ததைப் பார்த்து பையன்கள் முகம் விழுந்தது. அது கசிவே இல்லை. 0.25 பார் அழுத்தம் அடித்த படகு சாயங்காலம் 35 டிகிரியில் இருந்து காலையில் 25 டிகிரிக்கு வந்தால், காற்று சுருங்கி அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். காலையில் அளந்தால் மறுநாள் அதே நேரம் அளந்து ஒப்பிட வேண்டும். இது தெரியாமல் நல்ல படகையெல்லாம் ஓட்டை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கடைசியில் இன்ஜின் பலகை. ஓரத்தைத் தட்டிப் பார்த்தார், நாலு பேரை விட்டு முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். பலகை உள்ளே உளுத்திருந்தாலோ, டியூபோடு சேரும் இடத்தில் பசை விட்டிருந்தாலோ இன்ஜின் முறுக்குகிற வேகத்தில் பிய்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் படகு தேறியது. கிழிசல் நேர்க்கோடாக, இணைப்பிலிருந்து விலகி, தட்டையான இடத்தில் இருந்தது. "ஒட்டலாம், ஆனா இப்ப வேண்டாம்" என்றார். மழை ஈரம் இருந்த நேரம் அது. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசிய பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். மாசி மாதம் வரை காத்திருந்து, காலை நேரத்தில், நிழலில் ஒட்டினோம். உச்சி வெயிலும் ஆகாது, பசையை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் வேகமாகப் பறந்து பசை காய்ந்துவிடும்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஒட்டு. வெளி ஒட்டு கிழிசலின் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தாண்டியிருக்க வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலை முதலில் உரியும். கரைப்பானால் துடைத்து, மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, தொட்டால் விரலில் ஒட்டாமல் லேசாக இழுக்கிற பதத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டி முதுகால் அழுத்தி உருட்டினார். ஒரு வாரம் முழுக் காற்று அடிக்கவே விடவில்லை. அந்த ஒட்டு இன்றும் இருக்கிறது. படகு இப்போது ஊர்ச் சாவடியில் இருக்கிறது, தைரியமாக ஆளை ஏற்றுவோம்.

கோடகன் கால் எழுதியது:

அண்ணாச்சி, உங்களுக்கு நேர்மாறாக எங்களுக்கு நடந்தது. எங்கள் படகில் வெளியே ஒரு ஓட்டைகூட இல்லை, ஆனாலும் அதை ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

வேறு ஊர் அன்பர் ஒருவர் தானமாகக் கொடுத்த பழைய படகு. பார்க்கப் பளபளவென்று இருக்கும். இடது முன்னறையில் காற்று குறைந்துகொண்டே வந்தது, சோப்புத் தண்ணீரில் எங்கேயும் குமிழ் இல்லை. வால்வை மாற்றினோம், அப்படியும் குறைந்தது. பிறகுதான் கவனித்தோம்: அந்த அறை தளர்கிறபோது அடுத்த அறை விறைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தடுப்பு உள்ளேயே கிழிந்திருந்தது.

இதைச் சோதிக்கும்போது ஒன்று கவனியுங்கள். ஓர் அறையை மட்டும் முழு அழுத்தத்துக்கு அடித்துவிட்டுப் பக்கத்து அறையைக் காலியாக விடாதீர்கள். அந்த இழுப்பிலேயே நல்ல தடுப்பும் கிழிந்துவிடும். பாதி அழுத்தம் போதும்.

தடுப்பை ஒட்ட வேண்டுமானால் டியூபைக் குறுக்கே அறுத்துத் திறக்க வேண்டும், பிறகு அந்த அறுப்பையும் மூட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் இருந்தாலும், எங்கள் படகின் மற்ற இணைப்புகளும் பசை விட ஆரம்பித்திருந்தன. நகத்தை விட்டால் ஓரம் தூக்கியது. அதுவரை அதைத் தகரக் கொட்டகையின் கீழே, சித்திரை வெயில் அனலில் இறுக்கி மடித்து வைத்திருந்தார்கள். பசை போட்டு ஒட்டிய இணைப்புகளுக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. சூட்டில் உருக்கி இணைத்த இணைப்பு என்றால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

தானமாகக் கொடுத்தவர் மனம் நோகுமே என்று ஊர்ப் பெரியவர்கள் தயங்கினார்கள். என் சித்திதான் கேட்டாள்: "அந்த அண்ணாச்சி முகத்தப் பாத்துட்டு, வெள்ளத்துல வயசாளிய ஏத்தி நடுவுல விட்டுருவியளா?" அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அறைத்தடுப்பு போன படகில் ஒரு டியூப் கிழிந்தால் அடுத்ததும் கூடவே போகும், பயிற்சிக்குக்கூட அதில் ஏற்றக்கூடாது. அவரிடமே போய்ச் சொன்னோம். புரிந்துகொண்டார். படகு இப்போது குளத்தில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) அள்ளும்போது ஓரத் தண்ணீரில் கட்டி இழுக்கிற மிதவையாகப் பயன்படுகிறது, ஆள் ஏறுவதில்லை.

உவரிக் கடற்கரை எழுதியது:

நான் மீன்பிடிக்கிறவன். 2023-ல் வள்ளத்தோடு வந்த லாரிகளில் எங்கள் ஊர் லாரியும் ஒன்று. ரப்பர் படகை மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால், பைபர் வள்ளத்தையும் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வெள்ளத்துக்குள் முள்வேலி, உடைந்த காம்பவுண்டு மேல் பதித்த கண்ணாடி, நீட்டிய கம்பி, கருவை முள் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கும். பைபர் அதில் உரசிக்கொண்டு போய்விடும். ஆனால் எங்கள் வள்ளத்தை லாரியில் ஏற்ற இறக்க ஊரே கை கொடுக்க வேண்டும், சின்னச் சந்தில் திரும்பாது. ரப்பர் படகைக் குட்டியானையில் போட்டு எங்கேயும் கொண்டுபோகலாம், தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் ஓடும், வயசானவர்களைப் பக்கவாட்டில் உருட்டி ஏற்ற அதைப் போல வசதி வேறு இல்லை. தெருவுக்குள் போக ரப்பர்தான், ஆற்றோர வயல்வெளிக்குப் பைபர்தான் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும் அணைக்கட்டுப் பக்கம் போகாதீர்கள். மருதூரோ ஸ்ரீவைகுண்டமோ, அணையின் மேல் வழிகிற வெள்ளம் கீழே சுழற்றுகிற சுழலிலிருந்து எந்தப் படகும் மீளாது.

கேள்வி கேட்ட தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி அண்ணாச்சி. எங்கள் கிழிசல் விரல் நீளம்தான், ஆனால் இரண்டு துணி சேருகிற இணைப்பின் மேலேயே ஓடுகிறது. அதோடு எங்கள் ஊரில் ஒருவர் ஏற்கெனவே சிலிக்கான் பசையை அப்பிவிட்டார். நெல் மூட்டை வைக்கிற அறையில் கிடந்ததால் எலி கடித்த அடையாளமும் ஒன்றிரண்டு இருக்கிறது. என்ன செய்ய?

மருதூர் மேலக்கால் எழுதியது:

தம்பி, எலிக்கடி சின்னதாக இருந்தால் கவலை வேண்டாம், ஒட்டிவிடலாம். மடிப்புக்குள் எத்தனை இடம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். எலி ஒரு இடத்தோடு நிறுத்தாது. இனி நெல் இருக்கிற அறையில் வைக்கவே கூடாது. துடைத்துக் காயவைத்து, டால்க் பவுடர் தூவி, பலகை மேல் லேசாகக் காற்றோடு வையுங்கள்.

சிலிக்கான்தான் பெரிய தொல்லை. அதன் மிச்சம் துளி இருந்தாலும் எந்தப் பசையும் மேலே பிடிக்காது. முதலில் மழுங்கின கத்தியால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். துணியின் மேல்பூச்சு உரியக்கூடாது. பிறகுதான் கரைப்பான். பி.வி.சி.யில் கரைப்பானை ஊறவிடாதீர்கள், துணியில் தொட்டு ஒரு தடவை துடைத்து எடுத்தால் போதும்.

இணைப்பின் மேல் ஓடும் கிழிசலை நீங்களாக ஒட்ட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். விரல் நீளமானாலும், எங்களுடைய அரைச் சாணைவிட அது கடினமான வேலை. அந்த இடத்தில் துணி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும், ஒட்டின் கீழே காற்று ஓடச் சந்து கிடைத்துவிடும். இணைப்பைத் திறந்து மறுபடி மூடத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். அவர் கேட்கிற கூலி புதுப் படகின் விலையில் பாதியை நெருங்கினால், துணிக்கும் சில வருஷம் வயதாகிவிட்டிருந்தால், நான் புதிதாகத்தான் வாங்குவேன். வாங்கும்போது அறைகள் எத்தனை, துணி எத்தனை மில்லிமீட்டர், காற்றுப் படகுக்கான தர எண்ணான ஐ.எஸ்.ஓ. 6185 படகின் விவரத் தகட்டில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் விளையாட விற்கிற மெல்லிய வினைல் படகு மலிவாக இருக்கிறதே என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கிழிசல், அதன் உள்பக்கம், அறைத்தடுப்பு இருக்கும் இடம், இன்ஜின் பலகை நாலையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பெரியவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். ஒட்டுவதானால் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் பசை காய்வதற்கு இங்கே நாள் கிடைக்காது.