இட்லி மாவு 16எஸ்: ரீடுகளை இணைக்கும் கட்டத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது

மாவுப்பானை:
இட்லி மாவில் உள்ள பாக்டீரியாவை 16எஸ் மரபணுவின் வரிசையை வைத்து இனம்காணப் பார்க்கிறேன். ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும் இரு முனையிலிருந்தும் படித்து (ஃபார்வர்ட், ரிவர்ஸ் ரீடுகள்), நடுவே இணைக்க வேண்டும். 12 மாதிரிகள்: 0, 4, 8, 12 மணி நேரம் புளித்தவை, தலா 3. 341எஃப்–805ஆர் பிரைமர் (துண்டைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகள்; இவை 16எஸ்-இன் வி3-வி4 பகுதிக்கு), மைசெக் கருவியில் 2×250 (முனைக்கு 250 பேஸ், அதாவது டிஎன்ஏ எழுத்து). சைம் 2 மென்பொருளில் டாடா2 (பிழை நீக்கி ரீடுகளை இணைக்கும் நிரல்) ஓட்டி, ஃபார்வர்டை 245-லும் ரிவர்ஸை 210-லும் வெட்டினேன். தர வடிகட்டலில் 85% தேறுகிறது. இணைத்தபின் மிஞ்சுவது 11%. அதிலும் பெரும்பகுதி பசுங்கணிகம் (தாவரச் செல்லின் குளோரோபிளாஸ்ட்; அதிலும் 16எஸ் உண்டு). புளித்த மாவில் லாக்டிக் அமில பாக்டீரியா எங்கே?

கட்டளைவரி:
இரண்டும் ஒரே கோளாறுதான். 245 + 210 = 455. லியூகோநாஸ்டாக், லாக்டோபேசில்லஸ் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாவின் துண்டு பிரைமரோடு சேர்த்து ஏறக்குறைய 465 பேஸ். நடுவே 10 பேஸ் இடைவெளி விழுகிறது, இணைய வழியே இல்லை. பசுங்கணிகத்தின் துண்டு சுமார் 440தான். அதற்கு 15 பேஸ் மேற்பொருந்தும், டாடா2-க்கு 12 போதும். ஆக, உங்கள் வெட்டு பாக்டீரியாவைக் கழித்துவிட்டு அரிசி, உளுந்தின் டிஎன்ஏவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இந்த 11%-ஐ வைத்து எந்த வரைபடமும் போடாதீர்கள்.

முதலில் கட்அடாப்ட் நிரலில் பிரைமரை நீக்குங்கள். பிரைமர் தென்படாத ரீடுகளை ஒதுக்கச் சொல்லுங்கள். பிரைமர்கள் 17, 21 பேஸ் என்பதால் ரீடுகள் 233, 229 ஆகும். பிறகு 230, 222-இல் வெட்டினால் 452, பிரைமர் போன துண்டு 427, மேற்பொருந்தல் 25. பழைய 245-ஐ அப்படியே விட்டால் மொத்தமும் பூஜ்யம்தான், ஏனென்றால் வெட்டு நீளத்தைவிடக் குட்டையான ரீடை டாடா2 தூக்கிப்போட்டுவிடும்.

மாவுப்பானை:
ரிவர்ஸில் 195-க்கு மேல் தரம் க்யூ20-க்குக் (நூறு பேஸுக்கு ஒரு பிழை) கீழே இறங்குகிறதே?

கட்டளைவரி:
ரிவர்ஸுக்கான அதிகபட்ச எதிர்பார்ப்புப் பிழையை (ஒரு ரீடில் ஏற்கும் பிழைகளின் மதிப்பீடு) 2-லிருந்து 5 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் பாதிகூடத் தேறாவிட்டால் ஃபார்வர்டை மட்டும் தனியாக ஓட்டுங்கள். பேரின அளவில் பெரிய இழப்பு இருக்காது. நீளத்தால் வரும் சாய்வும் போய்விடும்.

நுரைக்கும்மாவு:
சரிசெய்த பிறகும் 0 மணி மாதிரிகளில் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் நிறையவே இருக்கும்; பாக்டீரியா அங்கே குறைவு. இரண்டையும் வகைப்பாட்டுப் பெயரால் நீக்கிவிட்டு, அதன்பிறகே ரேரிஃபாக்ஷன் ஆழத்தை (ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு மாதிரியிலும் சமமாக எடுக்கும் ரீடு எண்ணிக்கை) முடிவு செய்யுங்கள். வரிசை மாறினால் 0 மணி மாதிரிகளில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

அடுத்த முறை டிஎன்ஏ எடுக்கும் முன் மாவை உப்புக் கரைசலில் கரைத்து, குறைந்த வேகத்தில் சுழற்றி மாவுச்சத்தைப் படியவிட்டு, மேல்நீரை மட்டும் அதிவேகத்தில் சுழற்றுங்கள். உளுந்துத் துகளில் ஒட்டிய பாக்டீரியா கொஞ்சம் போகும். ஆகவே 12 மாதிரிக்கும் ஒரே செய்முறையைப் பின்பற்றுங்கள்.

சில்வா 138 (16எஸ் வரிசைக்குப் பெயர் சொல்லும் தரவுத்தளம்) வெளிவந்த பிறகுதான், 2020-இல், லாக்டோபேசில்லஸ் 25 பேரினங்களாகப் பிரிந்தது. அதில் பழைய பெயரே வரும். ஈஸ்ட் வேண்டுமென்றால் ஐடிஎஸ் (பூஞ்சைகளை இனம்காட்டும் டிஎன்ஏ பகுதி) தனியாக ஓட்ட வேண்டும், 16எஸ்-இல் தெரியாது.